பெயர் சொல்லாமல் போன நர்ஸ் மிஸ்ஸுக்கு

கடும் கணைய அழற்சியில் அப்பாவின் கணையத்தில் ஒரு பகுதி செத்து, கிருமி பிடித்திருந்தது. அதைச் சுற்றி உடம்பே சுவர் கட்ட நாலு கிழமையளவு போகும், அதை எடுக்க முடிந்தவரை பொறுப்போம் என்றார் டொக்டர். கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தோம்.

மிஸ், டியூட்டி முடிந்து பையோடு கிளம்பியவர் நீங்கள். யாரும் கேட்காமலே கண்டி வாட்டு வாசலில் நின்று, ஒரு கடதாசித் துண்டின் பின்பக்கம் இரைப்பையைக் கீறிக் காட்டினீர்கள்: வாய் வழியே கெமரா, இரைப்பைச் சுவரில் கணையப் பக்கமாகத் துளை, அதில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய், பிறகு அழுகினதை அந்த வழியாகவே இழுத்தெடுப்பது. "வயித்த வெட்டமாட்டாங்கம்மா. ஆனா ஒரே தரத்துல முடியாது." அதனால்தான் மறுபடி உள்ளே கொண்டுபோனபோது அம்மா பதறவில்லை. மூக்குக்குழாய் பிளாஸ்டரை அப்பாவின் மீசையில் படாமல் மாற்றி ஒட்டியதும் நீங்கள்தான்; அதை அவர் இன்னும் சொல்கிறார்!

ஹட்டன் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க மிஸ். அம்மா தேத்தூள் எடுத்து வைத்திருக்கிறார்.