படத்தின் மறுபாதி எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த இம்ப்ரஷனிச ஓவியர்கள் (கண்ணில் பட்ட கணத்தை ஒளியும் நிறமுமாகப் பிடித்த 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்கள்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். மோனேயின் அல்லிக்குளம், ரெனுவாரின் நடன விருந்து என்று எல்லாரும் சொல்லும் படங்களோடு நிற்காமல், எட்கர் டேகாவின் ‘இஸ்திரி போடும் பெண்க’ளையும் சேர்த்திருந்தீர்கள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் படத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் இடம் போதவில்லையோ என்னவோ, ஓவியத்தைப் பாதியாக வெட்டி, கொட்டாவி விடும் பெண்ணை மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். கீழே ஒரு வரி: ‘வேலைக்கு நடுவே ஒரு சோம்பல்.’

அது சோம்பல் இல்லை ஐயா. முழுப் படத்தையும் பார்த்தால் யாருமே அப்படிச் சொல்ல மாட்டார்கள். இடப்பக்கத்துப் பெண் ஒரு கையைத் தலைக்குக் கொண்டுபோய், மறு கையால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்தபடி வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுகிறாள். அவளுக்குப் பக்கத்திலேயே இன்னொருத்தி தலையைத் தொங்கப்போட்டு, இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருக்கிறாள். அவள் முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஒருத்தி உடம்பை நிமிர்த்துகிறாள், ஒருத்தி உடம்பு முழுவதையும் மேசைமேல் இறக்குகிறாள். இவள் நிமிர்ந்ததற்குக் காரணம் அவள் குனிந்திருப்பதில் இருக்கிறது. கொஞ்ச நேரம் முன்பு இவளும் அப்படித்தான் குனிந்திருப்பாள். நீங்கள் வெட்டி எடுத்தது அந்தக் காரணத்தைத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அம்மா 26 வருடம் கரிப்பெட்டியில் இஸ்திரி போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். கஞ்சி போட்ட காட்டன் சட்டையின் காலர் மடிப்பு கை பலத்துக்கு மட்டும் படியாது. தோளை இறக்கி, உடம்பின் பாரத்தையே பெட்டிமேல் சாய்க்க வேண்டும். டேகாவின் அந்த இரண்டாவது பெண்ணின் தோளைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் தோள்தான் தெரிந்தது. டேகா வரைந்த பாரீஸ்காரிகளுக்குக் கரிப்பெட்டி இல்லை. கனத்த இரும்பை அடுப்பில் காய வைத்து எடுப்பார்கள். அந்த அடுப்பும் ஓவியத்தில் பின்னால் இருக்கிறது. அந்தச் சூட்டில் நாள் முழுக்க நின்றவள் கையிலுள்ள பாட்டிலில் இருப்பது மதுதான் என்றே பலரும் எழுதுகிறார்கள். இருக்கட்டும், தொண்டை வறளாதா?

டேகா வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளை. வெளியிலிருந்து பார்த்தவர்தான். ஆனால் மேலோட்டமாகப் பார்த்தவர் இல்லை. 1874 பிப்ரவரியில் அவருடைய ஓவியக்கூடத்துக்குப் போன எழுத்தாளர் எட்மோன் தெ கோன்கூர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: டேகா சலவைப் பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்கள் பேச்சிலேயே பேசி, அழுத்தித் தேய்ப்பது எப்படி, வட்டமாகத் தேய்ப்பது எப்படி என்று தொழில் நுணுக்கத்தையெல்லாம் விளக்கினாராம். இந்த இரண்டு பெண்களையும் அவர் ஒருமுறை வரைந்ததோடு விடவில்லை. இதே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அதில் ஒன்று கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்து நார்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் வெளியிட்டது பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது, 1884–86 வாக்கில் வரைந்தது.

அப்புறம், அச்சில் இன்னொன்றும் போய்விட்டது. வழக்கமாகத் துணிக்குப் பூசும் அடிப்பூச்சு இல்லாமல், முரட்டுத் துணிமேல் நேராக, லேசாக வண்ணம் தீட்டியிருக்கிறார் டேகா. அதனால் துணியின் நெசவு ஓவியத்தில் அப்படியே தெரியும். நாள் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டும் பெண்களை, துணியை மறைக்காமலே வரைந்திருக்கிறார்! பளபளப்புத் தாளில் நிறத்தைக் கூட்டி அச்சடித்ததில் அந்தச் சொரசொரப்பு காணாமல் போயிற்று.

2023இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகம் டேகாவின் சலவைப் பெண்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அவ்வளவு பேசப்படும் படங்கள் இவை. தமிழில் முதல்முறையாக இதைப் பார்க்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பாதிப் படத்தையும் ‘சோம்பல்’ என்ற வார்த்தையையும் நினைவில் வைத்துக்கொண்டு போகக் கூடாது.

அடுத்த இதழில் ஓவியத்தை முழுதாக, இரண்டு பெண்களோடும் அச்சிடுங்கள். அசல் 76 செ.மீ. உயரம், 81.5 செ.மீ. அகலம், கிட்டத்தட்டச் சதுரம். உங்கள் இதழின் ஒரு பக்கத்தில் அரைப்பக்கத்துக்குக் கொஞ்சம் கூட ஒதுக்கினால் வெட்டாமலே அடங்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்