மண்டபத்தைப் பூட்டாதீர்கள்: தோட்டத்துத் தலைவர்மாருக்கும் கோயில் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

தலைவர்மாருக்கும் கோயில் கமிட்டி அண்ணன்மாருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். தை பிறந்ததும் நம்ம தேயிலைத் தோட்டத்துப் பொது மண்டபத்துக்குப் பூட்டு விழும், கலியாணம் காட்சி என்றால் மட்டும் திறக்கும். இந்த வருஷம் அப்படிச் செய்யாதீர்கள். மாசிப் பிறை பார்த்துக் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றும் வரைக்கும் தினமும் பின்னேரம் 5 மணியிலிருந்து 7 மணி வரை திறந்து வையுங்கள், வருகிறவர்கள் ஆடட்டும், பந்தடிக்கட்டும், சும்மா சுற்றி நடக்கட்டும்.

தையில் அப்படி என்ன அவசரம் என்பீர்கள். மார்கழியில் விடியக்காலைப் பஜனை லயம் லயமாக, நம்ம வரிசை வீடுகளை எல்லாம் சுற்றி வருகிறது, சின்னப் பிள்ளைகள்கூட கம்பளியை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடுகிறார்கள், சுண்டலுக்காகத்தான் என்றாலும் ஓடுகிறார்கள் இல்லையா. மாசியில் கூத்து வந்துவிடும், தப்புச் சத்தம் கேட்ட பிறகு எந்தப் பையனையும் வீட்டில் பிடித்து வைக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நுவரெலியாப் பக்கத்தில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிற நாட்கள், சரியாக அப்போது பார்த்து நாம் முடங்கிவிடுகிறோம். வேலை விட்டு வந்தால் கதவைச் சாத்திவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் போர்வைக்குள் போனோடு. அப்புறம் "ஒண்ணுலயும் மனசு போகல்ல, உடம்பெல்லாம் அசதி" என்று ஆளாளுக்குப் புலம்பல்.

ஐரோப்பாவில் குளிர்காலத்து மனச்சோர்வு என்றால் பகல் சுருங்குவதைத்தான் முதலில் சொல்வார்கள், வடக்கே பல ஊர்களில் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். நமக்கு அந்தச் சாக்குக் கிடையாது, இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் வராது. நம்மை அமுக்குவது மூட்டமும், மூட்டத்தைப் பார்த்துவிட்டு நாமே உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதும்தான். உட்கார உட்கார இன்னும் குளிரும், ஏனென்றால் தசை அசைந்தால்தான் உடம்பு கூடுதலாகச் சூடு உண்டாக்கும். நாலு பேரோடு கொஞ்சம் வியர்க்க ஆடிவிட்டு வந்தால் மனசு லேசாகும், இரவில் தூக்கமும் ஒழுங்காக வரும்.

கொழுந்தெடுக்கிற அக்காமாருக்கு இதைப் போய் உபதேசம் பண்ண வேண்டாம். நாள் பூரா மலையில் ஏறி இறங்குகிறவர்களிடம் "நடங்க" என்று சொன்னால் கூடையாலேயே அடிப்பார்கள். அவர்கள் வந்து முதுகை நிமிர்த்திக் கதிரையில் உட்கார்ந்து சிரித்துப் பேசினாலே போதும், மனசிருந்தால் ஒரு சுற்றுக் கும்மி அடிக்கட்டும். அதற்கு அந்த நேரத்தில் வீட்டில் யாராவது அடுப்பு மூட்ட வேண்டும். ஆம்பிளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பெரிய கவலை வேலையிலிருந்து நின்றவர்கள்தான். வீட்டு முன் இஸ்தோப்பில் பாருங்கள், தலையில் துவாய், காலில் மகனுடைய பழைய பள்ளிக்கூட மேஸ், மடியில் ஆறிப்போன தேத்தண்ணி. வாழ்நாள் முழுக்க அந்தச் சரிவில் ஏறிய கால் ஒரே நாளில் நின்றுவிடுகிறது, அடுத்த குளிருக்குள் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, அதோடு பேச்சும் குறைந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்றும், 65 வயதைத் தாண்டியவர்கள் கீழே விழாமல் இருக்க வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஒரேயடியாகச் செய்யத் தேவையில்லை, துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்குத்தான். கோலாட்டத்தில் அடி எடுத்து வைப்பது நல்ல சமநிலைப் பயிற்சி, அதைச் சொல்லித்தர இந்தத் தோட்டத்திலேயே கிழவிகள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிடம் வேண்டுமாம். டியூஷன் போக மிச்சம் எவ்வளவு இருக்கிறது?

தவறணைக்கு மட்டும் எந்தக் குளிரிலும் பூட்டு இல்லை. "குளிருக்கு ஒரு கிளாஸ்" என்று போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சாராயம் தோலுக்கடியில் உள்ள இரத்தக்குழாய்களை விரிப்பதால்தான் சூடு மாதிரித் தெரிகிறது, உண்மையில் உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மனசுக்கும் அது மறுநாள் பாரம்தான்.

விடியக்காலையில் ரோட்டில் நடக்கச் சொல்லாமல் மண்டபத்தைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற ஊர் இது, இருட்டில் தனியாகப் போகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிரஷர், நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்குக் கடும் குளிர் ஆகாது, அதில் இரத்தக்குழாய் சுருங்கும். இழுப்பு உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வரட்டும், மூச்சு மருந்துப் பம்பை மறக்க வேண்டாம், எடுத்த எடுப்பில் ஓடவும் வேண்டாம். வியர்த்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், ஈர ஸ்வெட்டரோடு நின்றால் நடுக்கம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேலாக ஒருவர் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் சாப்பாடு கெட்டுக் கிடந்தால் அதைக் கும்மியால் சரிப்படுத்தப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அதற்கு முன் பேச வேண்டுமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

சாவி யார் கையில் என்பதில்தான் சண்டை வரும், எனக்குத் தெரியும். தலைவரிடமும் வேண்டாம், கமிட்டியிடமும் வேண்டாம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா அக்காவிடம் கொடுங்கள், நேரத்துக்குத் திறந்து நேரத்துக்குப் பூட்டுவார். லைட் பில்லுக்கு லயத்துக்கு லயம் காசு சேர்த்துத் தருகிறோம். பொங்கலுக்கு முந்திய கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள், பந்தல் கணக்கு அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மேல் டிவிசன் லயத்துக்காரன்