எங்கள் வாடிக்கையாளர்களுக்கு: சுற்றிவரும் அந்தச் செய்தி பற்றியும், அடுத்த மாதம் முதல் வரும் சிறு மாற்றம் பற்றியும்

வணக்கம்.

இந்த மடல் ஏன் வருகிறது என்று உங்களில் பலருக்கு இப்போதே தெரிந்திருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டவர்களே நீங்கள்தான். பார்த்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் புதிதாக விசாரிக்கிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

செய்தியின் சாரம் இதுதான்: வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சந்தை ஆய்வாளர், அதாவது நான், இணையத்தில் சும்மா கிடைப்பதை எடுத்து ஒட்டி அறிக்கை என்று கொடுக்கிறார், அந்த அறிக்கையில் உள்ள சந்தை அளவோ (ஒரு பொருள் மொத்தம் எவ்வளவு விற்கிறது என்ற கணக்கு), இணையத்தில் கிடைக்கும் எண்ணில் பாதிகூட இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக நிற்காது என்பதைக் கவனியுங்கள். எடுத்து ஒட்டியிருந்தால் அதே எண்தானே வந்திருக்கும்?

எழுதியவர் யார், எந்தப் பொருளுக்கான ஆய்வு என்று நான் சொல்லப் போவதில்லை. வாடிக்கையாளரின் பெயரையும் திட்டத்தையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று உங்கள் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மனக்கசப்பு வந்த பிறகும் அது செல்லும். ஆகவே வேறொரு பொருளை, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி என்று வைத்துக்கொள்வோம், அதைக் கொண்டு விளக்குகிறேன்.

இணையத்தில் 'இந்தச் சந்தையின் மதிப்பு இவ்வளவு' என்று ஓர் எண் இருக்கும். அது கடையில் வாடிக்கையாளர் கொடுக்கும் விலையில் கணக்கிட்டதா, உற்பத்தியாளர் விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் விலையிலா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். புதுக் கருவி மட்டுமா, மாற்றிப் போடும் ஃபில்டரும் வருடாந்திரப் பராமரிப்பும் அதில் சேர்ந்திருக்கிறதா? வீட்டுக்கு வாங்குவது மட்டுமா, ஓட்டலும் மருத்துவமனையும் வாங்கும் பெரிய இயந்திரங்களும் உள்ளே வருகின்றனவா? எந்த ஆண்டின் நாணய மாற்று விகிதம்? ஒவ்வொன்றுக்கும் பதில் மாற மாற மொத்தமும் மாறும். இரண்டு மடங்கு வித்தியாசம் வருவதில் எந்த அதிசயமும் இல்லை.

நான் கீழிருந்து மேலாகக் கணக்குப் போடுகிறேன். ஓரிடத்தில் 10 லட்சம் குடும்பங்கள் இருக்கின்றன, அதில் 20 சதவீதம் பேரிடம் கருவி இருக்கிறது என்றால் 2 லட்சம் கருவிகள் பயன்பாட்டில் உள்ளன. சராசரியாக 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்றால் மாற்றுக்காக வாங்குவது வருடத்துக்கு 40,000. அதற்கு மேல் முதல்முறையாக வாங்குகிறவர்களைச் சேர்க்க வேண்டும். இந்த 20 சதவீதமும் 5 வருடமும்தான் உயிரான எண்கள், அவை எங்கும் சும்மா கிடைப்பதில்லை. டீலர்களிடமும் பழுது பார்க்கிறவர்களிடமும் பேசி, சுங்க இறக்குமதித் தரவில் அந்தப் பொருளுக்கான எச்எஸ் கோடை, அதாவது பொருள்களை வகைப்படுத்தச் சுங்கத்தில் பயன்படுத்தும் குறியீட்டு எண்ணை, எடுத்துப் பார்த்து, நிறுவனங்களின் ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டு, மூன்றும் ஓரளவு ஒத்துவந்த பிறகே அறிக்கையில் எழுதுகிறேன். இந்தப் படிகள் எல்லா அறிக்கையின் பின்னிணைப்பிலும் இருக்கும். அதைப் படித்துவிட்டு எந்தப் படி தவறு என்று சொன்னால் உட்கார்ந்து பேசலாம். எண் சிறியதாக இருப்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. பெரிய எண்ணை நம்பிக் கிடங்கு நிறையச் சரக்கு வாங்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'வீட்டில் உட்கார்ந்து' என்ற சொல்தான் எனக்கு அதிகம் வலித்தது. டீலருடன் தொலைபேசியில் பேசுவதற்கும் தரவை எடைபோடுவதற்கும் குறுக்கு அட்டவணை (ஒரு கேள்வியின் பதிலை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கும் அட்டவணை) போடுவதற்கும் வாடகை அலுவலகம் எதற்கு? கடைக்காரர் கடையை அடைத்த பிறகு, ராத்திரி ஒன்பதரைக்குத்தான் நிதானமாகப் பேசுவார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால்தான் அந்த நேரத்தில் என்னால் அவருடன் பேச முடிகிறது. சில பெரிய நிறுவனங்களில் ஒப்பந்தம் பேசுகிறவர் ஒருவர், ஆய்வைச் செய்கிறவர் இன்னொருவர். இங்கே உங்கள் கேள்வியைக் கேட்டுக்கொண்டவர்தான் கேள்வித்தாளையும் எழுதுகிறார், கடைசிப் பக்கத்தையும் எழுதுகிறார்.

அதே செய்தியில், '400 பேரை மட்டும் கேட்டுவிட்டு' என்றும் ஒரு வரி இருக்கிறது. சரியாகத் தேர்ந்தெடுத்த 400 பேர் என்றால், 95 சதவீத நம்பக அளவில் பிழை வரம்பு ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி, அதாவது இப்படி நூறு தடவை கேட்டால் ஏறத்தாழ 95 தடவை, கிடைக்கும் எண் உண்மையான எண்ணிலிருந்து அந்த அளவுக்குள்தான் விலகியிருக்கும். அதைப் பாதியாக்க 1,600 பேரைக் கேட்க வேண்டும், செலவும் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். எடுக்கப்போகும் முடிவுக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை என்று தெரிந்தால், வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். எத்தனை பேர் என்பதைவிட யார் என்பதே முக்கியம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில், யாருக்கு ஓட்டு என்று கேட்ட லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள், அதை வைத்து லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள், ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்ததும், கேட்டவர்களில் பதில் போட்டவர்கள் ஒரு பகுதியினரே என்பதும்தான் காரணம்.

இன்னொன்று, பதில் சொன்னவர்களின் தொலைபேசி எண்களைத் தரவில்லை என்பது. தர மாட்டேன். ஆய்வுக்காக என்று சொல்லி வாங்கிய விவரத்தை விற்பனைக்குக் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. சந்தை ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான எசோமார் தன் முதல் நடத்தை விதிகளை வெளியிட்டது 1948-இல், இது நான் புதிதாகக் கண்டுபிடித்த சட்டம் இல்லை. எண்களைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆய்வுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், உங்கள் ஆய்வுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவு நடந்தும், "எங்களுக்கு உங்கள் வேலை தெரியும், நீங்கள் செய்யுங்கள்" என்று சொல்லிக் கையில் இருந்த திட்டத்தை அப்படியே தொடரச் சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒருவர் அந்தக் குழுவிலேயே, தன் பெயரைப் போட்டே, பழைய அறிக்கை தனக்கு எப்படி உதவியது என்று எழுதியிருந்தார். நான் கேட்காமலே எழுதினார். தொடக்கத்தில் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துப் பழக்கியவர்கள், 'இந்தப் பொருள் இப்போது விற்காது' என்று நான் சொன்னபோது கோபப்படாமல் கேட்டுக்கொண்டவர்கள், இந்த நிறுவனம் நிற்பது உங்களால்தான். மனமார்ந்த நன்றி.

அப்புறம், உங்களில் பலரோடு தொலைபேசியில் பேசிப் பழகிய என் உதவியாளர் போன மாதத்தோடு விடைபெற்றுவிட்டார். நல்ல நிறுவனத்தில் முழுநேர வேலை, சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். மக்கள் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிய பதில்களை ஒவ்வொன்றாகப் படித்து வகைபிரித்தவர் அவர். கேள்விகளைப் படிக்காமலே ஒரே வரிசையில் டிக் அடித்துவிட்டுப் போகிறவர்களையும், இயந்திரம் எழுதிய பதில்களையும் கண்டுபிடித்து நீக்கியவரும் அவர்தான். இப்போதெல்லாம் அந்தக் குப்பை கூடிக்கொண்டே போகிறது. ஆய்வுக்குப் பதில் சொல்ல ஆட்களைத் திரட்டித் தரும் பேனல் நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றிவிட்டன. நூற்றில் 5 பேர் மட்டுமே வாங்கும் பொருள் என்றால் 400 பேரைப் பிடிக்க 8,000 பேரைச் சலிக்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவை எங்கே குறைப்பது?

அதனால் அடுத்த மாதம் முதல் கட்டணம் 15 சதவீதம் கூடும், அறிக்கை கைக்கு வர ஒரு வாரம் அதிகமாகலாம். ஏற்கெனவே பேசி முடித்த வேலைகளுக்குப் பழைய கட்டணமும் பழைய தேதியும்தான். பழைய அறிக்கைகளில் எந்த எண் எப்படி வந்தது என்று சந்தேகம் இருந்தால், அறிக்கையின் பெயரையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டு எழுதுங்கள், கணக்குத் தாளோடு பதில் அனுப்புகிறேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.