தைப்பூசத்தோடு கிளம்பாதே

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள சரவணா,

கடிதம் கிடைத்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் பதினோரு வருடம் உழைத்தது போதும், தண்ணீர்மலையில் தைப்பூசம் பார்த்துவிட்டு பிப்ரவரி 15-ஆம் தேதி குடும்பத்தோடு திருச்சிக்குக் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவின் மூட்டுவலி இப்போது தேவலையா? நீ பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குத் தெம்புதான். ஆனால் அந்தத் தேதி எனக்குப் பிடிக்கவில்லை. தைப்பூசத்தைப் பார், கிளம்புவதை ஏப்ரலுக்குத் தள்ளு.

காரணம் வருமான வரி. ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வரிக் கணக்கில் நீ ரெசிடென்ட், அதாவது மலேசியாவில் குடியிருப்பவன். பிப்ரவரி 15-இல் போனால் அடுத்த ஆண்டுக் கணக்கில் உனக்கு 46 நாள்தான் வரும். முந்தைய ஆண்டோடு கோர்த்துக் காட்டலாமே என்பாய். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஜூலை 3 முதல் டிசம்பர் 31 வரை, அந்த 182 நாளும், இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். கம்பெனி வேலையாகவோ உடம்பு சரியில்லாமலோ வெளியே போனது பரவாயில்லை. சொந்த பந்தங்களைப் பார்க்கப் போனதில் மொத்தம் 14 நாள்தான் விட்டுக்கொடுப்பார்கள். நீ தீபாவளிக்கு மூன்று வாரம் ஊரில் இருந்தாய். அங்கேயே கோர்வை அறுந்துவிட்டது.

அறுந்தால் என்ன ஆகும்? மாதம் 12,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்று வைத்துக்கொள். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்துக்கும் முழுச் சம்பளம் என்று எடுத்தால் 24,000. ரெசிடென்ட் இல்லை என்றால் கழிவு எதுவும் கிடையாது, நேராக 30 விழுக்காடு: 7,200 வெள்ளி. அதே தொகைக்கு ரெசிடென்டாக இருந்தால் 9,000 தனிநபர் கழிவு போக 15,000 நிற்கும். அதில் முதல் 5,000-க்கு வரி இல்லை, மீதி 10,000-க்கு ஒரு விழுக்காடு, அதாவது 100 வெள்ளி. 400 வெள்ளி தள்ளுபடியில் அதுவும் போய்விடும். சம்பளத்தில் மாதாமாதம் பி.சி.பி. என்ற வரிப் பிடித்தத்தைப் பிடிப்பவர்கள் உன்னை வழக்கம்போல ரெசிடென்டாக வைத்துத்தான் பிடிப்பார்கள். வித்தியாசம் கடைசிக் கணக்கில்தான் வந்து விழும்.

உனக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. அந்த ஆண்டில் 90 நாள் இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்றிலாவது ரெசிடென்டாகவோ 90 நாளுக்குக் குறையாமலோ இருந்திருந்தால் போதும், நீ ரெசிடென்ட்தான். பழைய ஆண்டுகளைப் பற்றி உனக்குக் கவலையே இல்லை. ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, கூட்டினால் சரியாக 90. இடையில் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹட்யாய் போகும் ஆசை வந்தால் சனி காலை போய் ஞாயிறு மாலை திரும்பு. ஒரு நாளின் சிறு பகுதி இங்கே இருந்தாலும் முழு நாளாக எண்ணுவார்கள். நடுவில் ஒரு முழு நாள் வெளியே கழிந்தால் 90-இல் அது குறையும். அதனால் ஏப்ரல் 10 வாக்கில் டிக்கெட் போடு.

இனி படிவம். நாட்டை விட்டுப் போகிறவனுக்குக் கம்பெனி வரித் துறைக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸ் சி.பி.21. கிளம்பும் நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்னால், 2024 ஜனவரியிலிருந்து வரித் துறையின் இணையதளமான மைடாக்ஸ் வழியாக மட்டுமே. எச்.ஆரில் பலர் பழக்க தோஷத்தில் சி.பி.22ஏ-வை அனுப்பிவிடுவார்கள். அது உள்ளூரில் வேலையை விடுகிறவர்களுக்கானது. எந்தப் படிவம் போயிற்று என்று நீயே கேட்டுப் பார். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாள் வரை, அல்லது வரி தீர்வுக் கடிதம் வரும் வரை, உனக்குத் தர வேண்டிய பணத்தைக் கம்பெனி பிடித்து வைத்தாக வேண்டும். அது சட்டம், முதலாளியைத் திட்டிப் பயனில்லை. மார்ச் சம்பளம் கைக்கு வராது என்று இப்போதே நினைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடு.

நாள் கணக்குக்கு ஆதாரம் கேட்பார்கள். ஆட்டோகேட் என்ற தானியங்கி வாயிலில் போய் வந்ததால் உன் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) மலேசிய முத்திரை இருக்காது. இந்திய முத்திரைகள் இருக்கும். அவற்றை வைத்து ஒரு தாளில் போன தேதி, வந்த தேதி எழுதி, போர்டிங் பாஸ் இருந்தால் சேர்த்து வை. விமான நிலையத்தில் வரிக் கடிதத்தை யாரும் கேட்பதில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் வரி பாக்கி இருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 104-ஆம் பிரிவின்படி குடிநுழைவுத் துறைக்குச் சொல்லிப் பயணத்தையே தடுக்க முடியும்.

வரி தீர்வுக் கடிதம் வந்த பிறகுதான் பாஸ் ரத்து. உன் வேலை பாஸோடு மனைவி, பிள்ளை பாஸும் சேர்ந்து ரத்தாக வேண்டும். பாஸில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறதே என்று இருந்துவிடாதே. ரத்தான பிறகு அந்தத் தேதிக்கு மதிப்பில்லை. மூட்டை கட்ட அவகாசம் வேண்டுமானால் ஸ்பெஷல் பாஸ், ஆளுக்கு 100 வெள்ளி.

ஈ.பி.எஃப். சேமநிதி முழுவதையும் எடுக்கலாம். கடைசிச் சம்பளத்தின் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள்தான் கணக்கில் ஏறும். அதற்கு முன்பே விண்ணப்பித்தால் அந்தத் துண்டுத் தொகை தனியாக மாட்டிக்கொள்ளும், அங்கிருந்து அதைத் துரத்துவது தலைவலி. கடைசி மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டச் சொல்லி எச்.ஆரிடம் கேள்.

வங்கிக் கணக்கைக் கடைசியில் மூடு. கிளம்பும் அவசரத்தில் முதலில் மூடுவது அதைத்தான். அப்புறம் பிடித்து வைத்த சம்பளமும், வரி மீட்பும், வீட்டு டெபாசிட்டும் வந்து சேர இடம் இருக்காது. கைப்பேசி எண்ணையும் போஸ்ட்பெய்டிலிருந்து ப்ரீபெய்டுக்கு மாற்றி உயிரோடு வை. வங்கி அனுப்பும் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும்.

காரை பிப்ரவரியிலேயே பேசி முடி. கடன் முடிந்த கடிதம், பெயர் மாற்றத்துக்கான பி5 என்ற வண்டிப் பரிசோதனை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் கைரேகை எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். கட்டாத போக்குவரத்து அபராத சம்மன் இருந்தால் முதலில் அதைக் கட்டு. வீட்டுக்காரரிடம் இரண்டரை மாத டெபாசிட் நிற்கிறது அல்லவா? சாவி கொடுக்கும் அன்று கரண்ட் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் அவர் எதிரிலேயே படம் எடு.

இந்த வாரம் ஒன்று செய். கடப்பிதழ் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. கம்பெனி வேலையாக சிங்கப்பூர் போன நாட்களைத் தனியாகக் குறித்துவிடு. நான் எண்ணிச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாறன்