கழற்றும் முன் ஒரு நிமிடம்: ஆக்சிஜன் சென்சார் குறித்து மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மெக்கானிக் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் தொழிலைச் சேர்ந்தவன் அல்லன். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுகிறவன். அந்தக் கார் ஓராண்டுக்குள் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களை விழுங்கியது. இரண்டு முறையும் நடந்தது ஒன்றேதான். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது, காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழை எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்று வந்தது, பார்த்தவர் "சென்சார் போய்விட்டது" என்றார், மாற்றினோம். விளக்கு அணைந்தது. பிழை எண்ணை அழித்தால் அணையத்தானே செய்யும்? பத்து நாளில் மறுபடியும் எரிந்தது.

பி0171 என்றால் கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த எண் எங்கேயும் சொல்லவில்லை. சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றால் அதற்கு பி0130 முதலாகத் தனி எண்கள் இருக்கின்றன. வைக்கோற்போர் எரிகிறது என்று ஓடிவந்து சொன்னவனையே பிடித்துத் தூணில் கட்டிப்போட்டது போல ஆகிவிட்டது என் காரின் கதை.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லிவிட வரவில்லை. ஆனாலும் அவசரத்தில் மறந்துபோகிற சிலவற்றை எழுதத்தான் வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் செருகியிருக்கும் சென்சாரின் நுனியில் உள்ள சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருள், ஒருபுறம் புகையையும் மறுபுறம் வெளிக்காற்றையும் வைத்துக்கொண்டு இரண்டிலும் உள்ள ஆக்சிஜனை ஒப்பிடுகிறது. புகையில் ஆக்சிஜன் அருகியிருந்தால், அதாவது கலவை ரிச் (பெட்ரோல் தேவைக்கு மேல்) என்றால், 0.8, 0.9 வோல்ட் தரும். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். நடுக்கோடு 0.45. நுனி ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடேறும் வரை அது வாய் திறக்காது. 1976இல் வோல்வோ காரில் இந்த சென்சார் முதன்முதலில் வந்தபோது அதில் ஹீட்டர் கிடையாது. புகையின் சூட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய நான்கு வயர் சென்சாரில் இரண்டு வயர்கள் ஹீட்டருக்கே போகின்றன.

மூன்றாவது சென்சாரையும் வாங்கச் சொன்னபோதுதான் எனக்கு ரோஷம் வந்தது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே பானெட்டைத் திறந்தேன். சிக்னல் வயரை அறுக்கவில்லை. கனெக்டரின் பின்புறமாக மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, மீட்டரை 2 வோல்ட் அளவையில் வைத்தேன். (டிஜிட்டல் மீட்டராகவே இருக்கட்டும். முள் ஆடும் பழைய மீட்டர் சென்சார் தரும் துளி மின்சாரத்தைத் தானே குடித்துவிட்டுப் பொய்யான அளவைக் காட்டும். ஓம் அளவையில் வைத்து சிக்னல் வயரைத் தொடவே கூடாது.)

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டபோது, மீட்டர் 0.10, 0.12, 0.09 என்று அடியிலேயே கிடந்தது. ஆரோக்கியமான இன்ஜினில் அது 0.2க்கும் 0.8க்கும் இடையே ஓயாமல் ஊஞ்சலாட வேண்டும். இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறது. கலவை ரிச் ஆனதும் குறைக்கிறது. அந்த ஆட்டம்தான் அது. ஆக, சென்சார் செத்துவிட்டதா, உண்மையாகவே லீனா? இதைத் தெரிந்துகொள்ளப் புதிய சென்சார் எதற்கு? இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் பின்னால் போகும் வேக்யூம் (உறிஞ்சுவிசை) குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நெரித்துப் பார்த்தேன். மூன்றாவது குழாயை நெரித்ததும் மீட்டர் சட்டென்று 0.85க்குத் தாவியது. கம்ப்யூட்டர் அதுவரை தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்த கூடுதல் பெட்ரோல் அது. சில நொடிகளில் சுதாரித்துக்கொண்டு எண்கள் மேலும் கீழும் ஆடத் தொடங்கின. குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ஸ்கேனரே இதைச் சொல்லியிருக்கும் என்பதுதான் என் ஆற்றாமை. ஐடிலில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் கூட்டித் தரும் பெட்ரோலின் அளவு, 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடியபோது 4 சதவீதத்துக்கு இறங்கியது. காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் இது அப்பட்டமான காற்றுக்கசிவின் கைரேகை. வெடிப்பின் வழியே நுழையும் காற்று ஐடிலில் பெரும் பங்கு, வேகத்தில் சிறு பங்கு. இதுவே மாறி, பாரம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால், பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்கலாம். பிழை எண்ணைப் படித்த அதே கருவியில் இரண்டு பொத்தான்கள் தள்ளி இந்த எண்கள் இருந்தன.

சென்சார் ஏமாறும் இடங்களும் உண்டு. ஒரு பிளக் மிஸ்ஃபயர் ஆனால், அதாவது கலவையைப் பற்றவைக்கத் தவறினால், பெட்ரோல் எரியாமல் வெளியேறும். கூடவே ஆக்சிஜனும் எரியாமல் வெளியேறும். சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். எனவே லீன் என்கும். அதை நம்பி கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றும். சென்சாருக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் விட்டிருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே குழப்பம்தான்.

இன்னொன்று. இந்தச் சாதாரண சென்சார் 14.7க்கு எந்தப் பக்கம் என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. கார்புரேட்டர் வண்டியின் புகைக்குழாயில் இதைப் பொருத்தி, வண்ண விளக்கு மீட்டர் மாட்டி, முழு த்ராட்டிலில் கலவையைச் சரிசெய்கிறேன் என்பவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே 1 பங்கு பெட்ரோலுக்குக் காற்று 12.5 பங்கா 13.5 பங்கா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் இது கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டைத்தான் காட்டும். அதற்கு எவ்வளவு தூரம் என்றும் அளந்து சொல்லும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதே வைட்பேண்ட்தான். அதில் மல்டிமீட்டர் வித்தை பலிக்காது. ஸ்கேனரில் லாம்டா மதிப்பை, அதாவது கலவை சரியான விகிதத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்ணை, பார்க்க வேண்டும்.

சென்சார் கெடவே கெடாது என்று நான் வாதாடவில்லை. சிலிக்கான் பேஸ்ட், கூலன்ட், எரிந்த ஆயிலின் சாம்பல் எல்லாம் அதன் நுனியைக் கொல்லும். கெட்டதா என்று உறுதிசெய்யவும் வழி இருக்கிறது: இன்டேக்கில் (இன்ஜின் காற்றை இழுக்கும் வழியில்) கொஞ்சம் புரோபேன் வாயுவை விட்டால் 0.8க்கு மேல் ஏற வேண்டும். ஒரு வேக்யூம் குழாயைப் பிடுங்கினால் 0.2க்குக் கீழே விழ வேண்டும். இரண்டும் உடனுக்குடன் நடக்க வேண்டும். நடக்கவில்லையா, தாராளமாக மாற்றுங்கள். நான் வாய் திறக்க மாட்டேன்.

கேட்பது இவ்வளவுதான். சென்சாரை மாற்றும் முன் எடுத்த வோல்ட் அளவையும், ஐடிலிலும் 2,500 சுற்றிலும் பார்த்த ட்ரிம்மையும் பில்லின் பின்பக்கத்திலாவது எழுதித் தாருங்கள். கழற்றிய சென்சாரையும் கையில் கொடுங்கள். என்னுடைய இரண்டையும் நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். போன வாரம் ஒவ்வொன்றாக வைஸில் பிடித்து, நுனியில் கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டினேன். சிவக்கச் சூடானதும் இரண்டுமே 0.8க்கு ஏறின, சுடரை விலக்கியதும் சடாரென்று இறங்கின.

இப்படிக்கு,
வேக்யூம் குழாய் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு கார்க்காரன்