பந்தயக் கணினி நின்றுபோன நாளில் மதிப்பிழந்த எங்கள் சீட்டுகள்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பட்டணவாசிகள் சார்பில்,
கோலகங்சார் மாவட்டம், பேராக்.

பெறுநர்:
பந்தயம், சூதாட்ட உரிமங்களைக் கண்காணிக்கும் பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள்,
நிதியமைச்சு, புத்ராஜெயா.

பொருள்: குதிரைப் பந்தயக் கணினி முறை செயலிழக்கும் நாள்களில், பணம் கட்டிச் சீட்டு வைத்திருப்பவர்களின் உரிமையைக் காக்க எழுத்துபூர்வமான விதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையார் அவர்களுக்கு, வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்தவன் நான். முதலில் கித்தா, அதாவது ரப்பர், பிறகு செம்பனை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் எழுதுவதும், ஸ்டோரில் பால் நிறுத்து எடையைக் குறிப்பதும், மாதக் கடைசியில் சம்பளப் பதிவேடான செக்ரோலைக் கூட்டி ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய சம்பளத்தைப் பிரித்து வைப்பதும்தான் என் பிழைப்பு. வார இறுதியில் குதிரைக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளி வைப்பது என் பழக்கம். உரிமம் பெற்ற கடையைத் தவிர வேறெங்கும் வைத்தது கிடையாது. இந்த மனுவில் கையொப்பமிட்டிருக்கும் மற்றவர்களும் என்னைப் போன்றவர்களே. பந்தயம் வைப்பதைத் தாங்கள் விரும்பாமல் இருக்கலாம். அப்படியிருந்தாலும் இதைக் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன். அரசு அனுமதித்த கவுண்டரில் பணம் கட்டியவனுக்கு அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை உண்டா என்பதே எங்கள் கேள்வி.

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஈப்போ திடலில் பந்தயம். எங்கள் பட்டணத்துக் கடையில் உட்கார இடமில்லை. மூன்றாவது பந்தயம் முடிந்து நான்காவதுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தபோது கவுண்டரில் இருந்த இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் நின்றன. சிலருக்குச் சீட்டு முழுதாக வந்திருந்தது. ஒருவருக்குப் பாதி அச்சாகிக் காகிதம் சிக்கிக்கொண்டது. இன்னும் சிலர் பணத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையை நீட்டியபடி நின்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை, "லைன் இல்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தொலைக்காட்சி மட்டும் நிற்கவில்லை. அதற்கு வேறு இணைப்பு போலும். குதிரைகள் கதவுக்குள் ஏறியதையும், கதவு திறந்ததையும், நான்காவது பந்தயம் ஓடி முடிந்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கணினி திரும்ப வந்தபோது ஏழாவது பந்தயமும் முடிந்திருந்தது.

அன்று பாதிக்கப்பட்டவர்கள் ஒரே வகையினர் அல்லர். மூன்றாவது பந்தயத்தில் ஜெயித்தவர்கள் பணம் வாங்க முடியாமல் காத்திருந்தார்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட முடியாது என்று பலர் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்த நாள் பணம் கிடைத்தது. அதைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. பணம் கொடுத்துச் சீட்டு வராதவர்களுக்கு, சத்தம் போட்டவருக்கு அன்றே பணம் திரும்பியது. சத்தம் போடாமல் ஓரமாக நின்றவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் திரும்பியது. இது தவறு என்றாலும் இதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், என்னுடைய தோட்டத்திலேயே பால்மரம் சீவியவர், நான்காவது பந்தயத்துக்கு ஒரு குதிரை முதலாவதாக வரும் என்று இருபது வெள்ளி 'வின்' வைத்திருந்தார். சீட்டு முழுதாக அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. குதிரை எண், பந்தய எண், தொகை, நேரம், கீழே நீளமான வரிசை எண், எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அந்தக் குதிரை ஜெயித்தது. அவர் அந்தச் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் கடையில் சீட்டைக் கணினிக்குள் விட்டபோது, "பதிவு இல்லை" என்று வந்தது. பதிவில்லாத சீட்டுக்கு ஜெயித்த தொகை கிடையாது, கட்டிய இருபது வெள்ளியை வேண்டுமானால் பாரம் நிரப்பிக் கேட்கலாம் என்றார்கள். அந்தப் பாரம் மலாய் மொழியில் இருந்தது. அதில் ஒரு வரி, இனிமேல் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்வதாகச் சொல்கிறது. கையொப்பமிடும் முன் அவர் என்னிடம் கொண்டுவந்ததால் அது எங்களுக்குத் தெரியவந்தது. எத்தனை பேர் படிக்காமலேயே கையொப்பமிட்டார்களோ, தெரியாது. அவரைப் போல இன்னும் ஐந்து பேரிடம் முழுச் சீட்டு இருக்கிறது.

ஐயா, தோட்டத்தில் இந்த வழக்கு எனக்குப் பழக்கமானது. பால் நிறுக்கும்போது தொழிலாளியின் வாளியைத் தராசில் வைத்து எடையை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு புத்தகத்தில் எழுதி, அவருடைய சின்ன அட்டையிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை என் புத்தகம் மழையில் நனைந்து இரண்டு பக்கங்கள் அழிந்துபோயின. மானேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆள்களின் அட்டையைப் பார்த்துப் புத்தகத்தைத் திரும்ப எழுது." என் புத்தகம் அழிந்ததற்காக யாருடைய ஒரு காத்தி (பழைய எடையளவு) பாலும் குறைக்கப்படவில்லை. கணக்கு வைத்திருப்பவன் கணக்கைத் தொலைத்தால், கையில் அட்டை வைத்திருப்பவனின் சொல்தான் நிற்க வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் இருந்த நியாயம், இந்தக் காலத்துக் கணினிக்கு ஏன் இல்லை?

'டோட்டலைசேட்டர்' என்ற முறை இயங்கும் விதத்தை நாங்கள் ஓரளவு அறிவோம். எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேர்கிறது. கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு, மீதியை ஜெயித்த சீட்டுகளுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். தனியாகப் பந்தயம் வாங்கும் புக்கிக்காரரைப் போல முன்கூட்டி விலை சொல்வதில்லை. 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லே தொடங்கிய முறை இது. 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், எலர்ஸ்லி திடலில், ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் இதற்கென முதல் தானியங்கி இயந்திரத்தை நிறுவினார். தேர்தலில் வாக்கு எண்ணுவதற்காகத்தான் அவர் முதலில் அப்படி ஓர் இயந்திரத்தை வடிவமைத்திருந்தார். அரசு அதை ஏற்கவில்லை என்பதால் பந்தயத்துக்கு மாற்றினார். கம்பியும் சக்கரமும் எடைக்கல்லும் கொண்டு ஓடிய அந்த இயந்திரம், விற்ற சீட்டுகளை எல்லாரும் பார்க்கும்படி எண்ணிக் காட்டியது. யாருடைய வாக்கும், யாருடைய வெள்ளியும் விடுபடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் பிறந்த கருவி அது.

அப்படியானால் எங்கள் கேள்வி எளிமையானது. மையக் கணினி பந்தயத்தை ஏற்றுக்கொண்டு வரிசை எண் கொடுத்த பிறகுதானே கடையில் சீட்டு அச்சாக வேண்டும்? வரிசை எண்ணோடு முழுச் சீட்டு வந்துவிட்டது என்றால், பதிவு எங்கோ நடந்திருக்க வேண்டும். அது பிறகு காணாமற்போயிருந்தால், காணாமற்போக்கியவர் நாங்கள் அல்லர். இல்லை, பதிவாகும் முன்னரே சீட்டு அச்சாகிவிடுகிறது என்றால், பணத்துக்குக் காகிதம் கொடுக்கும் அந்த முறையே குறையுடையது. இரண்டில் எது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆவணம், அந்தக் கணினி நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைக்கும் உள்பதிவு. அது கடைக்காரரிடமும் அவருக்கு மேலுள்ளவர்களிடமும் இருக்கிறது. அதைப் பார்க்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, தங்களுக்கு இருக்கிறது.

நாங்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவைக் காட்டினார். பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்கிறது அந்தப் பிரிவு. உரிமம் பெற்ற டோட்டலைசேட்டருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதாடலாம், ஆனால் இருபது வெள்ளிச் சீட்டுக்காக எந்த வழக்கறிஞர் வாதாடுவார் என்றும் அவரே கேட்டார். 1961ஆம் ஆண்டின் பந்தய டோட்டலைசேட்டர் வாரியச் சட்டத்தின் வழியாக இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தியது அரசு. 1948ஆம் ஆண்டின் பந்தய வரிச் சட்டத்தின் வழியாக இதிலிருந்து வரி எடுப்பதும் அரசு. ஆகவே முறையிட எங்களுக்கு அரசைத் தவிர வேறு வாசல் இல்லை.

இனி நான் சொல்லப்போவது, இந்த மனுவை எழுத என்னை உட்கார வைத்த காரணம். அன்று கணினி நின்ற பத்தாவது நிமிடத்தில், எதிர்க் கோப்பிக்கடையில் இரண்டு கைப்பேசிகளோடு ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கையில் காசு வேண்டாம், பேரைச் சொன்னால் போதும், கணக்கை வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி அது குற்றம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உரிமம் பெற்ற கடை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பந்தயம் வாங்க முடியாமல் இருந்தபோது, இளைஞர்கள் எழுந்து அந்த மேசைக்குப் போனார்கள். கடைக்குள் கையில் உள்ள பத்து வெள்ளியோடு நிறுத்திக்கொள்கிறவன், கடனில் வைக்கும்போது எங்கே நிறுத்துவான்? குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் ஒரு பையன் அந்த ஒரே பிற்பகலில் 600 வெள்ளி கடன்பட்டான். வெள்ளிக்கிழமை அவனுடைய மனைவி கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "தாத்தா, வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாங்கிக் கட்டப் போகிறேன் என்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பார்" என்றாள். நானும் கோயில் கமிட்டியில் இருவரும் சேர்ந்து அந்தப் பணத்தை ஏற்பாடு செய்தோம். அடுத்த முறை எங்களால் முடியாது.

பந்தயத் திடல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 1842இல் தொடங்கிய சங்கம் நடத்திவந்த சிங்கப்பூர்ப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பினாங்கிலும் இப்போது பந்தயம் இல்லை. திடலுக்கு நேரில் போய்ப் பணம் கட்டும் காலம் எங்களுக்குப் போய்விட்டது. கடையில் இருக்கும் அந்த இரண்டு கணினிகளே எங்களுக்குத் திடல். எனவே அவை நிற்கும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை அதிகாரிகள் வாய்மொழிக்கு விட்டுவிடக் கூடாது.

நாங்கள் முதன்மையாகக் கேட்பது இதுதான்: வரிசை எண்ணோடு முழுமையாக அச்சான சீட்டு, கணினியில் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், செல்லுபடியாகும் சீட்டு என்று உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும். அது செல்லாது என்று சொல்கிறவரே உள்பதிவைத் தங்கள் பிரிவிடம் காட்டி அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் வரை சீட்டின் காலக்கெடு ஓடக் கூடாது. எங்கள் ஆறு பேரின் சீட்டுகளையும் இந்த முறைப்படி தாங்கள் விசாரிக்க வேண்டுகிறோம். விசாரணையின் முடிவு எங்களுக்கு எதிராக அமைந்தாலும் ஏற்றுக்கொள்வோம். ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

பணம் வாங்கிச் சீட்டு வராத இடத்தில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அன்றே பணம் திரும்ப வேண்டும். அதற்காக உரிமையை விட்டுக்கொடுக்கும் பாரம் எதிலும் கையொப்பம் கேட்கக் கூடாது. கணினி நின்றால் கால் மணி நேரத்துக்குள் கவுண்டரை மூடிவிட்டு, மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அறிவிப்பு வைக்கட்டும். "கொஞ்சம் பொறுங்கள்" என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஆள்களைக் கோப்பிக்கடை மேசைக்கு அனுப்புகிறது. ஒரு கம்பி அறுந்தால் வேலை செய்ய இரண்டாவது இணைப்பு வைப்பது இன்றைக்குப் பெரிய செலவில்லை. பட்டணத்தில் உள்ள சின்ன வங்கிக் கிளையிலும் அது இருக்கிறது.

கவுண்டரில் இருந்த அந்தப் பெண் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று அவளை நோக்கி எங்கள் ஆள்கள் சிலர் பேசிய பேச்சு சரியில்லை. அதற்காக அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இந்த மனுவால் அவளுடைய வேலைக்கு எந்தப் பாதகமும் வரக் கூடாது என்பதும் எங்கள் கோரிக்கையில் சேரும்.

ஆறு சீட்டுகளின் நகல்கள், பாதி அச்சான சீட்டு ஒன்றின் நகல், கையொப்பமிடப்படாத அந்தப் பாரம், 43 பேரின் கையொப்பங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலச் சீட்டுகளை யாரிடமும் கொடுக்கவில்லை. தங்கள் அதிகாரி யாரேனும் வந்தால் நேரில் காட்டுகிறோம். புத்ராஜெயாவுக்கு வரச் சொன்னாலும் நான் வருகிறேன். பெரியவருக்கு முட்டி வலி இருப்பதால் அவரை மட்டும் அவ்வளவு தூரம் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி
(கையொப்பமிட்ட 43 பேர் சார்பில்)