ஐந்தாம் தரத்தோடு பசி முடிந்துவிடுவதில்லை

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேருக்கும்,

வணக்கம். கரையோரப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை எழுதுகிறேன். உங்கள் கட்சிகள் வேறு வேறு. எங்கள் பிள்ளைகளின் பசிக்குக் கட்சி இல்லை.

அரசாங்கத்தின் பாடசாலை உணவு 1 ஆம் தரத்திலிருந்து 5 ஆம் தரம் வரைதான். நூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லாத் தரத்துக்கும் உண்டு. எங்களுடையது அதைவிடச் சற்றுப் பெரியது. ஆகவே வகுப்பேறி 6 ஆம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு அன்றோடு சோறு நின்றுவிடுகிறது.

இடைவேளை மணி அடித்ததும் 7 ஆம் தரத்துப் பையன் ஒருவன் ஆரம்பப் பிரிவுச் சுவரோரம் வந்து நிற்பான். 3 ஆம் தரத்தில் படிக்கும் தங்கை தன் பெட்டியில் பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்திருப்பாள். முட்டை கொடுத்த நாளில் அதையும் பிட்டு வைப்பாள். அவன் மற்றப் பையன்கள் காணாதபடி திரும்பி நின்று அவசரமாக விழுங்குவான். எட்டு வயதுப் பிள்ளை தன் பங்கைக் குறைத்து அண்ணனுக்குச் சோறு போடுகிறாள். இதைப் பார்த்துவிட்டு வகுப்பில் பின்னம் படிப்பிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவர்களின் தகப்பன் கடற்றொழிலாளி. இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு சொந்தத் தொழில் இல்லை, கூலிக்குத்தான் கடலுக்குப் போகிறார். வலைக்காக எடுத்த நுண்கடனுக்குத் தாய் கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிறார். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கவில்லை. அந்தத் திட்டத்தில் வீடு, சொத்து, கல்வி, உடல்நலம் என்றெல்லாம் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடுதான் தங்களைத் தள்ளிவிட்டது என்று அந்தத் தாய் நினைக்கிறார். அதுதானா காரணம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேன்முறையீடு செய்யப் போனால் அன்றைய கூலி போய்விடும்.

2019 இல் 11 சதவீத அளவில் இருந்த நாட்டின் வறுமை 2022 இல் 25 சதவீதமானதாக உலக வங்கி மதிப்பிட்டது. அந்தப் பொருளாதார நெருக்கடி முடிந்துவிட்டதென்று கொழும்பில் பேசுகிறார்கள். எங்கள் வரவு இடாப்பில் அது முடியவில்லை. பதினாறு வயது வரை படிப்பு கட்டாயம் என்பது சட்டம். பத்தாம் தரத்துப் பையன்கள் விடியற்காலையில் வலையில் மீன் கழற்றிவிட்டு முதலாம் பாடத்தில் தூங்குகிறார்கள். பிறகு வராமலே விடுகிறார்கள்.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு புதிய சபை தெரிவாகவில்லை. அதனால் இதைக் கேட்க எங்களுக்கு உங்களை விட்டால் ஆளில்லை. வரவு செலவுத் திட்ட விவாதத்தில், பாடசாலை உணவை 11 ஆம் தரம் வரை நீட்டும்படி ஆறு பேரும் ஒரே குரலில் கேளுங்கள். சமைத்துத் தரும் அம்மாமாருக்குக் காசு நாள் தவறாமல் போகவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் மாதக்கணக்கில் கடனுக்கு அரிசி வாங்கிச் சமைக்க முடியாது. அஸ்வெசும மறுக்கப்பட்ட குடும்பத்துக்குக் காரணம் எழுத்தில், தமிழில் கிடைக்க வேண்டும். மேன்முறையீட்டை அதிகாரிகள் கிராமத்துக்கே வந்து கேட்க வேண்டும்.

உங்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களின் வாய்ச்சண்டைகளை எங்கள் மாணவர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம், கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்குக் கல்வி வலயங்களிலிருந்து, தொடர்ந்து பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் எண்ணிக்கையையும் காரணத்தையும் கேட்டு எடுங்கள். அதை முதல் விடயமாக வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை
யாழ்ப்பாணம்